சொறிமூட்டை பேசுகிறேன்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டபோது, எல்லாரையும் போல நானும் நட்பைப் பற்றி ஒரு கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. போன வருட மலரில் நட்பைப் பற்றி மட்டும் ஒன்பது கவிதை இருந்தது. பத்தாவதாக என்னுடையதும் எதற்கு? அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று சாப்பாடு. இன்னொன்று சொறி.

முகம் சுளிக்காதீர்கள். சாப்பிட்டுக்கொண்டே மலரைப் புரட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் கை கழுவிவிட்டு வந்து படிக்கலாம்.

முதலாம் ஆண்டில் ஃபிட்டிங் ஷாப்பில் என்னோடு இருந்தவர்களுக்கு என் பட்டப்பெயர் தெரியும். சேர்ந்த முதல் வாரம் வெறும் 'மூட்டை'. உயரம் 165 செ.மீ., எடை 84 கிலோ, அந்தப் பெயரில் தப்புச் சொல்ல முடியாது. தீபாவளி லீவு முடிந்து வந்தபோது கையெல்லாம் வெடித்து, கழுத்தெல்லாம் சிவந்து இருந்தது. அன்றிலிருந்து 'சொறிமூட்டை'. பெயர் வைத்தவன் இன்று எனக்கு நல்ல நண்பன், அதனால் அவன் பெயரை எழுதவில்லை. (டேய், உன்னைத்தான்.)

பட்டப்பெயர்கூடப் பரவாயில்லை. நான் தொட்ட அரத்தை அடுத்தவன் வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டு எடுப்பான். பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசியாகத்தான் நிரம்பும். அதைவிடப் பெரிய தொல்லை இலவச ஆலோசனை. "குண்டா இருக்கதாலதான்ல உனக்குச் சொறி வருது. உடம்பைக் குறை, தானாப் போயிரும்" என்று சொல்லாத ஆளே இல்லை. டீக்கடை அண்ணாச்சி சொன்னார். சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். ரெண்டும் என் தப்புதான், வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு வந்த தண்டனை என்று நினைத்துக்கொண்டு மே மாத வெயிலில்கூட முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தேன்.

அவர்கள் சொன்னது உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. பாதி உண்மை. அந்தப் பாதியும் அவர்கள் நினைத்த மாதிரி இல்லை.

என் ஊர் ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணி கடலுக்குப் போவதற்கு முன்னால் உள்ள கடைசி அணைக்கட்டு எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அதிலிருந்து பிரியும் வடகால், தென்கால் பாய்கிற பக்கமெல்லாம் வாழை. என் அப்பா வாழைத்தார் சுமக்கிறவர். வயலிலிருந்து வெட்டிய தாரைத் தோளில் ஏற்றி வரப்பு வழியாக நடந்து லாரியில் அடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வீட்டுக்கு மூத்த பிள்ளை, ஆச்சிக்குச் செல்லப் பேரன். அப்பா, சித்தப்பா எல்லாருமே எலும்பும் தோலுமாக இருப்பார்கள். அதனால் நான் கொழுகொழு என்று வளர்ந்தது ஆச்சிக்குத் தனிப் பெருமை. "எம் பேரன் ஒருத்தனாவது சாப்பாட்டைக் கண்ட உடம்போட இருக்கட்டும்" என்பாள்.

கரப்பான் எனக்கு நாலு வயதிலிருந்தே உண்டு என்று அம்மா சொல்வாள். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும்தான் முதலில் வந்ததாம். ஆச்சி குப்பைமேனி அரைத்துப் போட்டாள், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டாள். கூடவே ஒரு சட்டமும் போட்டாள்: கரப்பான் பண்டம் எதுவும் கூடாது. நம் பக்கத்தில் அந்தப் பட்டியல் எல்லா வீட்டிலும் உண்டு. கத்திரிக்காய், கருவாடு, மீன், நண்டு, எங்கள் வீட்டில் முட்டையும் சேர்த்தி. "எய்யா, அது கரப்பாம்லா, உனக்கு ஆவாது" என்பாள். தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்துவிட்டு மீன் சாப்பிடாமல் வளர்ந்த பாவி நான். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து சாளையை முள்ளெடுத்துத் தின்பாள். எனக்கு அதற்குப் பதிலாக இன்னொரு கரண்டி சோறு, உருளைக்கிழங்கு, நாலு அப்பளம், கடைசியில் சீனி போட்டுத் தயிர். அழுதால் ரெண்டாவது தடவையும் சீனி விழும்.

இன்று திரும்பிப் பார்த்தால் கணக்குப் புரிகிறது. என் தோலுக்காக வைத்த பத்தியம் என் இடுப்பில் ஏறியிருக்கிறது.

விளையாட்டும் அப்படித்தான். ஆற்றங்கரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ரெண்டு ஓவர் ஓடினால் வியர்வை வரும், வியர்வை பட்டால் மடிப்பெல்லாம் மிளகாய்த்தூள் போட்ட மாதிரி எரியும். அதனால் நான் படித்துறையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவேன். பத்து வருடம் ஸ்கோர் எழுதினால் உடம்பு என்ன ஆகும்? அப்புறம் ராத்திரி. கரப்பான் வந்தவர்களுக்குத் தெரியும், பகலில் சும்மா கிடக்கிற அரிப்பு விளக்கை அணைத்ததும் எழுந்து உட்காரும். ஒரு மணி, ரெண்டு மணி வரை சொறிந்துகொண்டு கிடப்பேன். தூக்கம் வராதவனுக்குப் பசி வரும். இருட்டில் டப்பாவைத் தடவிக் காராச்சேவு தின்ற ராத்திரிகள் எத்தனை! காலையில் வகுப்பில் தூங்கி விழுந்து வாத்தியாரிடம் சாக்பீஸ் அடி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை உங்களில் பாதிப் பேர் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே நின்றுபோய்ப் பயணிகள் ரெண்டு நாள் மாட்டிக்கொண்டது டி.வி.யில் எல்லாம் வந்தது. நான் அப்போது பத்தாம் வகுப்பு. வீட்டுக்குள் இடுப்புக்கு மேல் தண்ணீர், ஒரு மாடி வீட்டில் நாற்பது பேரோடு மூன்று நாள் இருந்தோம். ஈரச் சட்டை, சேற்றுத் தண்ணீர். நாலாம் நாள் என் கால் ரெண்டும் வீங்கி நீர் வடிந்தது. வாழையெல்லாம் படுத்துவிட்டது, அப்பாவுக்குப் பல மாதம் சரியான வேலை இல்லை.

பரீட்சை நெருங்கியது. ஊர்ப்பக்கம் ஒருவர் ஊசி போட்டால் டக்கென்று நிற்கும் என்றார்கள். போனோம். அது என்ன ஊசி என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. கூடவே சின்னச் சின்ன மாத்திரை. நண்பர்களே, பொய் சொல்ல மாட்டேன், ரெண்டே நாளில் தோல் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது! சொர்க்கம் என்றால் அதுதான். மூன்று வாரம் கழித்துப் பழையபடி வந்தது, முன்பைவிட மோசமாக. மறுபடி ஊசி. ஒரு வருடத்தில் இப்படி ஆறு தடவை. நடுவில் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய ட்யூப். அந்த வருடம் எனக்குப் பசி எடுத்த எடுப்பு இருக்கிறதே, பரோட்டா எட்டு வைத்தாலும் சால்னா தீர்ந்ததே என்றுதான் கவலைப்படுவேன். 72 கிலோவாக இருந்தவன் 84 ஆனேன். முகம் முழுநிலா மாதிரி உருண்டது. ஆச்சி திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

அது ஆரோக்கியம் இல்லை, ஸ்டீராய்டு. பின்னால்தான் தெரிந்தது.

ரெண்டாவது செமஸ்டரில் லேத் ஷாப். டர்னிங் பண்ணும்போது ஊற்றுகிற கூலன்ட் உங்களுக்குத் தெரியும், பால் மாதிரி வெள்ளையாக வருமே, சோப்பு எண்ணெய்த் தண்ணீர். அது என் கையில் பட்டு நாலே நாளில் விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. முடிந்ததும் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவுவோம் இல்லையா, அது மேலும் மோசம். வெர்னியர் பிடிக்க முடியவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை. பதினொரு நாள் காலேஜுக்கு வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் அட்டெண்டென்ஸ் குறைந்து பரீட்சையே எழுத முடியாது என்ற நிலை.

ஒரு சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன், "எப்பா, எனக்குப் படிப்பு வேண்டாம். உங்க கூட வாழைக்கே வாரேன்." அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் கல்யாண வீட்டுக்கு மட்டும் கட்டுகிற வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, "கெளம்புல" என்றார். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்.

தோல் நோய்ப் பிரிவில் நீளமான வரிசை. எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். டாக்டரம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், முழங்கால் மடிப்பைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "குண்டா இருக்கதாலதான் மேடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அதை நான் சொல்றேன் தம்பி. வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா? இழுப்பு, அடுக்குத் தும்மல், தோல் அரிப்பு?" என்று கேட்டார்.

"இல்லை மேடம், எங்க வீட்டுல எல்லாரும் ஒல்லி" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக வேட்டியை முழங்கால் வரை தூக்கித் திரும்பி நின்றார். ரெண்டு முழங்காலுக்குப் பின்னாலும் தோல் கருத்துத் தடித்து, பனைமரப் பட்டை மாதிரி வரிவரியாக இருந்தது. பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தவன் நான். அன்றுதான் பார்க்கிறேன்.

"எத்தனை வருசமா?"

"சின்னதுலேருந்தே இருக்கும்மா."

டாக்டரம்மா அவரையும் எடை மெஷினில் ஏறச் சொன்னார். 52 கிலோ.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "ஏம்ப்பா சொல்லல?" என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "சொன்னா எவன்ல தார் தூக்க விடுவான்? ஒட்டுவாரொட்டின்னுட்டுப் போயிருவான். திங்கிற பழம்லா" என்றார். வாழைக்கறை அரிப்பு என்று எல்லாரையும் நம்ப வைத்திருக்கிறார், அம்மாவைக்கூட. நான் முழுக்கைச் சட்டை போட்ட மாதிரி அவர் முப்பது வருடமாகத் தழையத் தழைய வேட்டி கட்டியிருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரம்மா கொஞ்சம் சொன்னார். மீதியை நூலகத்திலும் நண்பன் செல்போனிலும் தேடித் தேடி, டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். தெர்மோடைனமிக்ஸுக்குக்கூட இவ்வளவு படித்ததில்லை.

எங்களுக்கு வந்திருப்பதன் பெயர் அட்டோபிக் டெர்மடைட்டிஸ், எக்ஸிமா வகைகளில் ஒன்று. எக்ஸிமா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் 'பொங்கி வழிவது' என்று பொருளாம். நம் தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல். இடையில் பூசுகிற சாந்து ஒருவகைக் கொழுப்பு. சில குடும்பங்களில் அந்தச் சுவர் பிறவியிலேயே கொஞ்சம் ஓட்டை. ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான ஜீனில் உள்ள கோளாறு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகிறது, வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் கூலன்ட்டும் உள்ளே போகின்றன, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தேவையில்லாமல் சண்டைக்கு வருகிறது. அவ்வளவுதான். இது தொற்றாது. என் அரத்தைத் துடைத்து எடுத்த நண்பர்கள் இந்த வரியை மட்டும் ரெண்டு தடவை படிக்கவும். என் நிலைமையைப் பாருங்கள், உடம்பெல்லாம் கொழுப்பு, வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை!

அப்படியென்றால் எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. 2015இல் 30 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அளவுக்கு மீறிப் பருத்தவர்களுக்கு இந்தக் கரப்பான் இருக்கும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு என்று வந்தது. கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண எடை உள்ள 100 பேரில் 10 பேருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பருத்த 100 பேரில் 13, 14 பேருக்கு இருக்கும். மீதி 86 பேர் என்னைப் போலப் பரோட்டா தின்றுவிட்டுத் தோல் மினுமினுக்கத் திரிகிறார்கள். இன்னொரு வேடிக்கை, அமெரிக்கா, ஆசியா ஆய்வுகளில் இந்தத் தொடர்பு தெரிந்தது, ஐரோப்பாவில் தெரியவில்லை.

தொடர்பு இருக்கிறது என்பது வேறு, ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்பது வேறு. மழை பெய்தால் குடை கூடும் என்பதற்காகக் குடை பிடித்தால் மழை வருமா? சொரியாசிஸ் என்று இன்னொரு தோல் நோய் இருக்கிறதல்லவா, அதில் விஷயம் கொஞ்சம் தெளிவு. ஜீன்களை வைத்து 2019இல் செய்த பெரிய ஆய்வில், பி.எம்.ஐ. ஒரு புள்ளி கூடினால் சொரியாசிஸ் வரும் வாய்ப்பு சுமார் 9 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. நம் எக்ஸிமாவில் அவ்வளவு அழுத்தமான சாட்சி கிடைக்கவில்லை.

ஆனால் வந்த நோயை எடை மோசமாக்க வழி இருக்கிறது. உடம்புக் கொழுப்பு சும்மா கிடக்கிற சரக்கு மூட்டை என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். 1990களில்தான் அது ஒரு வேலை செய்கிற உறுப்பு, லெப்டின் போன்ற பொருள்களை ரத்தத்தில் விடுகிறது, அவற்றில் சில அழற்சியைத் தூண்டுபவை என்று தெரிந்தது. லெப்டினைக் கண்டுபிடித்தது 1994இல். 2022இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. குண்டு எலிகளுக்குத் தோல் அழற்சி அதிகமாக வந்தது மட்டுமில்லை, அதன் வகையே மாறியிருந்தது. ஒல்லி எலிகளுக்குக் குணம் கொடுத்த அதே மருந்து குண்டு எலிகளுக்கு நோயைக் கூட்டியது! மனிதனும் எலியும் ஒன்றல்ல, இருந்தாலும் குண்டு எலிகளுக்காக எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இது போக, மடிப்பு கூடினால் வியர்வை தங்கும், உரசும், பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். தூத்துக்குடி வெயிலில் இதற்கு ஆராய்ச்சி எதற்கு?

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள், யாருமே எனக்குச் சொல்லாத பக்கம். கரப்பானால் மீன், முட்டை நின்றது, சோறும் சீனியும் ஏறியது. கரப்பானால் விளையாட்டு நின்றது. கரப்பானால் தூக்கம் போனது, தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பது நிரூபணமான விஷயம். கரப்பானுக்குப் போட்ட ஊசியால் ஒரே வருடத்தில் 12 கிலோ. எடைதான் கரப்பானைக் கொண்டுவந்தது என்று ஊரே சொன்னது. என் விஷயத்தில் கரப்பான்தான் எடையைக் கொண்டுவந்தது, வந்த எடை கரப்பானை இன்னும் முடுக்கிவிட்டது. ரெண்டு புல்லிக்கு ஒரே பெல்ட். எந்த மோட்டார் எதைச் சுற்றுகிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

டாக்டரம்மா செய்த முதல் வேலை மீனைத் திருப்பிக் கொடுத்தது! "மீன் சாப்பிட்ட உடனே உதடு வீங்கி, உடம்பு தடிச்சிருக்கா?" என்றார். இல்லை. முட்டைக்கு? இல்லை. "அப்ப சாப்பிடு. அப்படி ஆனா மட்டும் வந்து சொல்லு." ஆச்சிக்கு இந்தத் தீர்ப்பு இன்றுவரை சம்மதமில்லை. ரெண்டாவது ஊசி, மாத்திரை, பெயர் தெரியாத ட்யூப் எல்லாவற்றுக்கும் தடை. 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை 2018இலேயே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்துவிட்டது. (ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாள் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து, டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.) எனக்கும் களிம்பு எழுதிக் கொடுத்தார். பார்த்தால் அதிலும் ஸ்டீராய்டு! "இதுவும் அதுதானே மேடம்?" என்றேன். "ஆமா. எவ்வளவு, எங்க, எத்தனை நாள்னு தெரிஞ்சு போட்டா மருந்து" என்றார். விரல் நுனி அளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது, 1991இல் கொண்டுவந்தது. ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனி வரை பிதுக்கினால் அரை கிராம், அது ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். நமக்கு வெர்னியர் மாதிரி அவர்களுக்கு விரல்.

எல்லாவற்றையும்விட முக்கியம் என்று அவர் சொன்னது குளித்து ஈரம் காயும் முன் பூசுகிற வெறும் பசை, பெட்ரோலியம் ஜெல்லி. சுவரில் உதிர்ந்த சாந்துக்குப் பதில் பூசுகிற வேலை. தேங்காய் எண்ணெய் ஆகாதா என்று அப்பா கேட்டார். 2014இல் பிலிப்பைன்ஸில் கரப்பான் வந்த குழந்தைகளுக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்ததில் மினரல் ஆயிலைவிட நன்றாகவே வேலை செய்ததாக நான் பிறகு படித்தேன். ஆச்சியிடம் சொன்னேன். "நாங்க இதுக்குப் படிக்கவா போனோம்" என்றாள்.

எடையைப் பற்றி அவர் கடைசியில்தான் பேசினார். என் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 31. எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், நீங்களும் போட்டுப் பாருங்கள். இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிகம், 25 என்றால் பருமன் என்கிறார்கள். (இந்தக் கணக்கை 1830களில் கண்டுபிடித்த கெட்லே என்ற பெல்ஜியக்காரர் டாக்டரே இல்லை, நட்சத்திரம் பார்க்கிற விஞ்ஞானி!) என் கழுத்தில் கருப்பாகப் படிந்திருந்ததையும் காட்டினார். அது அழுக்கு என்று பீர்க்கங்காய் நார் போட்டு ரத்தம் வரத் தேய்த்திருக்கிறேன். அது அழுக்கும் இல்லை, கரப்பானும் இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், எடை குறைந்தால்தான் குறையும் என்றார். "கரப்பானுக்காகக் குறைக்கிறதா நினைக்காத. பின்னால சர்க்கரை வராம இருக்கக் குறை. தோலுக்குக் கொஞ்சம் லாபம் கிடைச்சா வச்சுக்கோ" என்றார். இதுவரை எனக்கு யாரும் இப்படிப் பேசியதில்லை.

முதலில் வந்தது தூக்கம். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி படுத்தவன் காலையில்தான் எழுந்தேன், அம்மா பயந்துபோய்த் தொட்டுப் பார்த்தாள். தூங்க ஆரம்பித்ததும் நடுராத்திரிக் காராச்சேவு தானாக நின்றது. அப்புறம் சாயங்காலம் அணைக்கட்டு வரை நடை, வந்ததும் குளியல், பசை. ஒரு வருடத்தில் 84 கிலோ 77 ஆனது. இன்னும் குண்டுதான், பெயரை மாற்ற வேண்டாம். கரப்பான் போய்விட்டதா என்றால் இல்லை. போன நவம்பர் பரீட்சை சமயத்தில் கழுத்தில் மறுபடி கிளம்பியது. அப்போது நான் பதறவில்லை, இத்தனைக்கும் அந்த மாதம் எடை குறைந்துதான் இருந்தது.

லேத் ஷாப்பில் எனக்கு வந்தது உங்களுக்கும் வரலாம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கையுறை போட்டால் போச்சு என்று நினைக்காதீர்கள், சுற்றுகிற சக்கில் கையுறை மாட்டினால் விரலோடு போய்விடும், லேத்தில் கையுறை கூடவே கூடாது. கூலன்ட் பட்டால் உடனே துடையுங்கள், மண்ணெண்ணெயும் தின்னரும் கைக்கு வேண்டாம், சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும், பிறகு கொஞ்சம் பசை. சிவில் நண்பர்களுக்கு சிமெண்டில் உள்ள குரோமியம் இதே வேலையைச் செய்யும். நான் இப்போது ஒரு சின்ன டப்பாவை ஓவர்கோட் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். எனக்குப் பட்டப்பெயர் வைத்தவனே போன வாரம் அதில் விரலை விட்டு எடுத்துக்கொண்டான்.

அப்பாவும் மருந்து போடுகிறார். அம்மாவிடமும் சொல்லியாயிற்று, ரெண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. இப்போது முழங்காலுக்குப் பின்னால் தோல் பழைய தடிப்பு இல்லை, ராத்திரி அவர் திண்ணையில் போய் உட்காருவதும் நின்றுவிட்டது. அது பீடிக்காக என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். ஒரு டப்பா வாங்கினால் ரெண்டு பேருக்கு மூன்று வாரம் வருகிறது. தார் வெட்டுக்குப் போகிற நாள் மட்டும் காலையில் பூச மாட்டேன் என்கிறார். கையெல்லாம் வழுக்குமாம்.